கார் ஏசியில் குளிர் வரவில்லையா? கேஸ் அடிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் கார் ஏசி கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். வருகிறவர்களில் பாதிப் பேர் குறையைச் சொல்வதில்லை, மருந்தைத்தான் சொல்கிறார்கள்: "கூலிங் இல்லண்ணே, கேஸ் அடிச்சிடுங்க." கடைக்காரரும் பானெட்டைத் திறக்கும் முன்பே சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்துவிடுவார். ஒரு மணி நேரத்தில் சில்லென்று காற்று வரும், பணம் கைமாறும். ஆடி பிறப்பதற்குள் அதே வண்டி அதே குறையோடு அதே வாசலில் வந்து நிற்கும்.

ஏசி கேஸ், பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. கேஸை அழுத்தும் கம்ப்ரஸர், அதன் சூட்டை வெளியே விடும் கண்டென்சர், அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வ், காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் என்று மூடிய பாதைக்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் வருடத்துக்குக் கொஞ்சம் கசியத்தான் செய்யும். ஆறேழு வருடம் ஓடிய வண்டியில் கேஸ் சற்றுக் குறைந்திருந்தால் அதைக் குறை என்று சொல்ல முடியாது. போன கோடையில் நிரப்பியது இந்தக் கோடையில் இல்லை என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைத் தேடாமல் மேலே மேலே நிரப்புவது காசைக் காற்றில் விடுவதுதான். அதோடு, குளிர் வராத வண்டிகள் பலவற்றில் கேஸ் சரியாகவே இருக்கும், கோளாறு வேறெங்கோ இருக்கும்.

அதனால் பானெட்டுக்கு முன்னால் வண்டிக்குள் உட்கார்ந்து பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. சமையலறையில் பயன்படுத்துகிற, ஊசி போன்ற முனை உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று போதும். வண்டியை நிழலில் நிறுத்தி, கதவு ஜன்னல் எல்லாம் மூடி, ஏசி ஆன் செய்து, ரீசர்க்குலேஷனில் (உள்காற்றே சுற்றும் நிலை) போட்டு, புளோயரை நடு வேகத்தில் வையுங்கள். இன்ஜின் 1500 ஆர்பிஎம்மில் ஓடட்டும். பத்து நிமிடம் கழித்து நடு வென்ட்டுக்குள் முனையைச் செருகிப் பாருங்கள். வெளியே 35 டிகிரி என்றால் வென்ட்டில் 6 முதல் 10 டிகிரி வரை வந்தால் ஏசிக்கு ஒன்றுமில்லை. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் புழுக்கம் அதிகமுள்ள நாளில் 12 வரை போகலாம். அங்கே ஏசியின் பலத்தில் பெரும்பங்கு காற்றிலிருக்கும் ஈரத்தைத் தண்ணீராக்கி இறக்குவதிலேயே போய்விடுகிறது. 15-க்கு மேலே நின்றால் கோளாறுதான். உச்சி வெயிலில் மூன்று மணி நேரம் நின்ற வண்டி ஐந்து நிமிடத்தில் குளிரவில்லை என்பதைக் குறையாகக் கொள்ளாதீர்கள். ஜன்னலை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டி, சூட்டுக் காற்றை வெளியேற்றிவிட்டு அப்புறம் அளந்து பாருங்கள்.

அளக்கும்போதே ரீசர்க்குலேஷன் பட்டனை இரண்டு முறை மாற்றி மாற்றி அழுத்திக் காதைக் கொடுங்கள். உள்காற்றுக்கு மாறும்போது புளோயர் சத்தம் சட்டென்று கூடும். சத்தத்தில் வித்தியாசமே இல்லையென்றால் உள்ளே காற்றின் வழியை மாற்றும் தட்டு, அதாவது ஃபிளாப், ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் எந்த நேரமும் வெளியிலிருந்து 40 டிகிரி காற்றை இழுத்துக் குளிர்விக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். கேஸ் எத்தனை அடித்தாலும் இதற்குத் தீர்வாகாது.

அடுத்து, எந்த மாதிரிக் குளிரவில்லை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். காற்றே குறைவா, காற்று நன்றாக வந்தும் குளிர் இல்லையா, அல்லது சில நேரம் குளிர்ந்து சில நேரம் ஏமாற்றுகிறதா? மூன்றுக்கும் தேட வேண்டிய இடம் வேறு.

காற்றே குறைவு என்றால்

முதலில் கேபின் ஃபில்டர். பல கார்களில் க்ளவ் பாக்ஸைக் கழற்றினால் பின்னால் ஒரு தட்டையான மூடி இருக்கும், அதற்குள் இருக்கும். வேப்பமரத்தடியில் நிறுத்துகிற வண்டியில் இதை வெளியே இழுத்துப் பார்த்தால் பூவும் இலையும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. சில பழைய, விலை குறைந்த மாடல்களில் கம்பெனியிலிருந்தே ஃபில்டர் கிடையாது. அங்கே அந்தக் குப்பை முழுவதும் நேராகக் கூலிங் காயிலில் போய் அப்பியிருக்கும். எலிக்கும் அந்த இடம் பிடிக்கும். புளோயர் சுற்றும்போது கடகடவென்று சத்தம் கேட்டால் ஃபேனுக்குள் துணியோ தேங்காய் நாரோ இருக்க வாய்ப்பு உண்டு.

புளோயர் முழு வேகத்தில் மட்டும் ஓடி, ஒன்று இரண்டு மூன்றில் ஓடவில்லை என்றால் வேகத்தை மாற்றும் ரெசிஸ்டர் போயிருக்கிறது. சின்ன பாகம், பெரும்பாலும் புளோயருக்குப் பக்கத்திலேயே இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும்.

இன்னொரு வகை உண்டு. சென்னையிலிருந்து மதுரைக்குக் கிளம்புகிறார்கள். செங்கல்பட்டு தாண்டும்வரை அருமையான குளிர். திண்டிவனம் நெருங்கும்போது காற்று குறைந்துகொண்டே வந்து நின்றே போகிறது. புளோயர் சத்தம் மட்டும் கேட்கிறது. விழுப்புரத்தில் டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் மறுபடி ஜில்லென்று வருகிறது. இது கூலிங் காயிலில் பனிக்கட்டி பிடிப்பது. காயிலின் வெப்பம் 1 முதல் 3 டிகிரிக்கு இறங்கும்போது கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்ல வேண்டிய தெர்மிஸ்டர் தன் வேலையைச் செய்யவில்லை, அல்லது காயிலிலிருந்து நழுவி வெளியே தொங்குகிறது. வழியில் ஆகிவிட்டால் ஏசி பட்டனை மட்டும் அணைத்து, புளோயரைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள், கட்டி உருகிவிடும். தெர்மிஸ்டரைச் சோதிக்க மல்டிமீட்டரும் ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரும் போதும்: தண்ணீரில் முக்கும்போது ஓம் மெல்ல ஏற வேண்டும், கைச்சூட்டில் பிடித்தால் மெல்ல இறங்க வேண்டும். குதித்துக் குதித்து மாறினாலோ அசையாமல் நின்றாலோ மாற்றிவிடலாம். ஃபில்டர் அடைத்து காயில் மேல் காற்றோட்டம் குறைந்தாலும் இதே பனிக்கட்டி வரும். கேஸ் குறைந்த வண்டிகள் சிலவற்றிலும் வரும். அப்படிப்பட்ட வண்டியை "ஐஸ் பிடிக்கிற அளவுக்குக் கூலிங் இருக்கே" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற கடைகளும் இருக்கின்றன.

காற்று வருகிறது, குளிர் இல்லை

இப்போது பானெட்டைத் திறக்கலாம். இன்ஜின் ஓட, ஏசி ஆனில் இருக்கட்டும். தொளதொள சட்டை, துப்பட்டா, கைக்கடிகாரம் எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

டார்ச் அடித்து கம்ப்ரஸரின் முகப்பைப் பாருங்கள். வெளிப்பக்கப் புல்லி எப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதற்கு முன்னால் உள்ள கிளட்ச் தட்டு, ஏசி போட்டதும் 'டக்' என்ற சத்தத்தோடு புல்லியில் ஒட்டிச் சேர்ந்து சுற்ற வேண்டும். தட்டு சும்மா நின்றால் கம்ப்ரஸர் வேலையே செய்யவில்லை. ஃப்யூஸ் பாக்ஸ் மூடியின் உட்புறப் படத்தில் ஏசி ரிலே எது என்று போட்டிருக்கும். பல கார்களில் ஹாரன் ரிலேயும் அதுவும் ஒரே அளவு, ஒரே எண். எண்ணைச் சரிபார்த்து இடம் மாற்றிச் செருகுங்கள். கிளட்ச் ஒட்டி ஹாரன் நின்றுவிட்டால் கோளாறு ரிலேதான், வேலை முடிந்தது.

ரிலே சரியாக இருந்தால், தட்டைக் காந்தமாக இழுக்கும் கிளட்ச் காயிலுக்குப் போகும் வயரில் டெஸ்ட் லேம்ப் வையுங்கள். 12 வோல்ட் வந்தும் தட்டு ஒட்டவில்லை என்றால் அந்தக் காயிலின் கனெக்டரைக் கழற்றி ஓம் பாருங்கள். 3 முதல் 4 ஓம் வரை இருக்க வேண்டும். திறந்த சர்க்யூட் காட்டினால் காயில் எரிந்துவிட்டது. வோல்ட்டே வரவில்லை என்றால் பிரஷர் சுவிட்ச் தடுத்திருக்கலாம். கேஸ் மிகவும் குறைந்து அழுத்தம் சுமார் 30 பிஎஸ்ஐக்குக் கீழே போனாலும், மேல்பக்கம் (கம்ப்ரஸர் அழுத்தித் தள்ளும் பக்கம்) 450 பிஎஸ்ஐயை நெருங்கினாலும் இந்த சுவிட்ச் கம்ப்ரஸரை ஓட விடாது. அதை வயரால் நேரடியாக இணைத்துவிட்டு வண்டியை அனுப்புகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கேஸோடுதான் எண்ணெயும் சுற்றி வந்து கம்ப்ரஸரை நனைக்கிறது. கேஸ் இல்லாமல் ஓட்டினால் கம்ப்ரஸர் வறண்டு ஜாம் ஆகும். இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடானாலும் கம்ப்யூட்டர் ஏசியை வெட்டிவிடும் என்பதால், மீட்டரில் இன்ஜின் சூட்டையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளட்சில் இன்னொரு நோய் உண்டு, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். காலையில் அலுவலகம் போகும்போது குளிர் சரியாக இருக்கும்; மாலையில் அரை மணி நேரம் ஓடியதும் திடீரென்று சூட்டுக் காற்று; வண்டி ஆறினால் மறுபடி சரி. அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்தால், ஓடுகிற நேரத்தில் அழுத்தம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். புல்லிக்கும் தட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி பெரும்பாலான கம்ப்ரஸர்களில் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர். வருடக்கணக்கில் ஒட்டிப் பிரிந்து தேய்ந்து அது 0.8, 0.9 என்று அகன்றுவிடுகிறது. கிளட்ச் காயில் சூடாகும்போது அதன் ஓம் ஏறி, மின்சாரம் குறைந்து, காந்த இழுப்பு பலவீனமாகிறது. குளிர்ந்த நிலையில் எட்டிப் பிடிக்கிற தூரத்தைச் சூட்டில் பிடிக்க முடிவதில்லை. குறை தெரிகிற நேரத்தில் வண்டியை நிறுத்தி, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை நடுவில் நுழைத்து மூன்று இடத்தில் அளந்தால் உண்மை தெரிந்துவிடும். நடு போல்ட்டைக் கழற்றித் தட்டை வெளியே எடுத்தால் ஷாஃப்டில் மெல்லிய வாஷர் போல ஷிம் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு மாட்டினால் இடைவெளி குறைந்துவிடும். அரை மணி நேர வேலை. இதற்குப் போய் முழு கம்ப்ரஸரை மாற்றச் சொல்லி பில் போடப்பட்ட வண்டிகள் ஏராளம்.

புதிய கார்கள் சிலவற்றில் கிளட்ச்சே கிடையாது. வேரியபிள் கம்ப்ரஸர் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே கன்ட்ரோல் வால்வ்தான் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று முடிவு செய்யும். அங்கே 'டக்' சத்தத்தை எதிர்பார்க்காதீர்கள். புல்லி சுற்றி நடு ஹப் மட்டும் நின்றிருந்தால், கம்ப்ரஸர் ஜாம் ஆகி ஹப் உடைந்திருக்கிறது என்று பொருள்.

கம்ப்ரஸர் ஓடுகிறது என்றால் குழாய்களைத் தொட்டுப் பாருங்கள். இன்ஜினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுச் சுவரில் இரண்டு அலுமினியக் குழாய்கள் உள்ளே நுழையும். தடித்தது சில்லென்று வியர்த்திருக்க வேண்டும், மெலிந்தது வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கம்ப்ரஸரிலிருந்து கண்டென்சருக்குப் போகிற குழாயை மட்டும் தொட வேண்டாம், கை வெந்துவிடும்.

தடித்த குழாய் வியர்த்துச் சொட்டுகிறது, உள்ளே வென்ட்டில் மட்டும் சூடு என்றால், கேஸ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். குளிர்ந்த காற்று ஹீட்டர் வழியாகப் போய்ச் சூடாகி வருகிறது. வெப்பக் குமிழைத் திருப்பினால் உள்ளே ஒரு ஃபிளாப் நகர வேண்டும். கேபிள் கழன்றோ, மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்தோ அது பாதியில் நிற்கும். ஸ்டார்ட் செய்ததும் டாஷ்போர்டுக்குப் பின்னால் டிக் டிக் டிக் என்று சில நொடி கேட்டு அடங்கினால் அந்தப் பல்சக்கரம்தான். ஓட்டுநர் பக்கம் குளிர், பக்கத்து சீட் பக்கம் சூடு என்று வந்தாலும், இரட்டை வெப்பக் கட்டுப்பாடு உள்ள வண்டியில் முதல் சந்தேகம் இந்த மோட்டார் மேல்தான் வர வேண்டும். ஒற்றைக் கட்டுப்பாடு வண்டியில் அப்படி வந்தால் கேஸ் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஓடும்போது குளிர், சிக்னலில் சூடு

நம் ஊர் வண்டிகளில் அதிகம் பார்க்கிற குறை இதுதான். பைபாஸில் 80-ல் போகும்போது ஜில்லென்று இருக்கும், கத்திப்பாரா மேம்பாலத்தடியில் பத்து நிமிடம் ஊர்ந்தால் வேர்க்கும். ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்சரை ஆற்றிவிடுகிறது. நிற்கும்போது ஃபேன்தான் ஆற்ற வேண்டும். அங்கேதான் கோட்டை விடுகிறது.

ஏசி போட்ட சில நொடிகளில், அல்லது அழுத்தம் சற்று ஏறியதும், முன்பக்க ஃபேன் ஓடத் தொடங்க வேண்டும். இரண்டு ஃபேன் இருந்தால் இரண்டையும் பாருங்கள். சுற்றுகிறது என்பதோடு விட்டுவிடக் கூடாது. பிரஷ் தேய்ந்த மோட்டார் சோம்பலாகச் சுற்றும், காற்று தள்ளாது. ஒரு செய்தித்தாளை கிரில்லுக்கு முன்னால் பிடித்தால் அது இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். மோட்டார் மாற்றிய வண்டியில் வயர் திருப்பி இணைக்கப்பட்டு ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றுவதும் உண்டு. தாள் அப்போது விலகிப் பறக்கும்.

அடுத்து ஒரு பாட்டில் தண்ணீர். சூடாக வந்துகொண்டிருக்கும்போதே கிரில் வழியாகக் கண்டென்சர் முழுவதும் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நிமிடத்தில் வென்ட்டில் நான்கைந்து டிகிரி இறங்கினால் நோய் எங்கே என்று சொல்லிவிட்டது: கண்டென்சருக்குப் போதிய காற்று இல்லை. காசு செலவில்லாத சோதனை இது. ஆனாலும் செய்கிறவர் குறைவு.

ஃபேன் நன்றாக ஓடியும் தண்ணீருக்குக் குளிர் திரும்புகிறது என்றால் அழுக்குதான். கண்டென்சரின் முகப்பு பளிச்சென்று இருக்கும், அதை நம்ப வேண்டாம். அழுக்கு அடைந்திருப்பது அதற்கும் பின்னால் நிற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள ஒரு விரல் இடுக்கில். மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி டார்ச்சை மேலிருந்து கீழே அடித்துப் பாருங்கள். பூச்சி இறகு, வைக்கோல் தூசி, செம்மண் எல்லாம் சேர்ந்து ரேடியேட்டரின் முகத்தில் சாம்பல் நிறப் படுதா தொங்கும். நெல் அறுவடைக் காலத்தில் தஞ்சை, திருவாரூர்ப் பக்கச் சாலைகளில் ஓடிய வண்டியில் இது இன்னும் மோசம். பிரஷர் வாஷ் கன்னை முன்னாலிருந்து நேராக அடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் படுத்துவிடும், இருந்த காற்றும் அடைபடும். ரேடியேட்டரின் மேல் பிராக்கெட்டைத் தளர்த்திச் சற்றுப் பின்னால் சாய்த்து, சாதாரண ஹோஸ் தண்ணீரால் பின்னிருந்து முன்னாகக் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஷாம்பு தண்ணீர் போதும். ஆசிட் கலந்த காயில் கிளீனர் வேண்டாம்.

கேஜ் மாட்டும்போது

இத்தனையும் பார்த்த பிறகே அழுத்தம். தடித்த குழாயில் கேஜ் மாட்டுவதற்கு உள்ள சின்ன வாய் கீழ்ப்பக்கம், நீலக் கேஜ்; மெலிந்த பக்கத்துப் பெரிய வாய் மேல்பக்கம், சிவப்பு. ஆர்-134ஏ என்ற கேஸில் ஓடும் வண்டிகளில் ஒன்று 13 மில்லிமீட்டர், மற்றது 16, மாற்றிச் செருக முடியாது.

இன்ஜினை ஓட்டும் முன் நின்ற நிலையிலேயே ஒரு எண் எடுத்துவிடுங்கள். நிழலில் நன்றாக ஆறிய வண்டியில் இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நிற்கும். ஆர்-134ஏ என்றால் 25 டிகிரியில் சுமார் 82 பிஎஸ்ஐ, 30-ல் 97, 35-ல் 114, 40-ல் 133. இதைவிட நன்றாகக் குறைந்தால் உள்ளே திரவமே மிச்சமில்லை, கேஸ் ஏறக்குறையக் காலி. கூடுதலாக இருந்தால் உள்ளே காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது. சரியாக இருந்தால் 'கேஸ் போதும்' என்று அர்த்தமாகிவிடாது. 100 கிராம் திரவம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும் நின்ற அழுத்தம் ஒன்றே. "பிரஷர் 95 இருக்கு சார், ஃபுல்லா இருக்கு" என்று சொல்கிறவரிடம் வண்டியை விடலாமா என்று யோசியுங்கள்.

ஓடும்போது, வெளியே 35 டிகிரி உள்ள நாளில், கீழே 28 முதல் 40, மேலே 200 முதல் 250 என்பது ஆரோக்கியம். ஆர்-134ஏ-வுக்கு 28 பிஎஸ்ஐ என்றால் காயிலில் 0 டிகிரி. அதற்குக் கீழே நீடித்தால் பனிக்கட்டி. இரண்டும் குறைவாக இருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கண்டென்சர் ஆறவில்லை, அல்லது கேஸ் கூடுதல், அல்லது காற்று கலந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் பாட்டிலை மறுபடி ஊற்றினால் முதல் சந்தேகம் தெளிந்துவிடும். கீழே அதிகம், மேலே குறைவு, அதாவது 70-க்கு 130 என்று இரண்டும் நெருங்கி நின்றால் கம்ப்ரஸருக்குத் தள்ளுகிற பலம் போய்விட்டது. வேரியபிள் வகையில் கன்ட்ரோல் வால்வை முதலில் பாருங்கள். கீழ் முள் பூஜ்யத்தையும் தாண்டி வேக்யூமுக்கு இறங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வோ, ஈரத்தை உறிஞ்சும் டிரையரோ அடைத்திருக்கிறது. அடைத்த இடத்தில் பனி பூக்கும், கண்ணாலேயே காணலாம். பத்து நிமிடம் சரியாக ஓடி, வேக்யூமுக்குப் போய், நிறுத்திப் போட்டால் மறுபடி சரியாகிறது என்றால் உள்ளே ஈரம். வால்வின் ஊசித் துளையில் அது உறைகிறது.

ஓட்டையைத் தேடுவது

கேஸ் குறைவு என்று உறுதியானால் நிரப்பும் முன் கசிவு. கேஸ் வெளியேறும்போது எண்ணெயையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வரும், அதில் தூசி ஒட்டும். மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்க, ஒரு ஜாயின்ட் மட்டும் கறுத்து ஈரமாக இருந்தால் நிறுத்திப் பாருங்கள். ஹோஸும் அலுமினியமும் சேர்த்து நசுக்கப்பட்ட கிரிம்ப் வளையம், கம்ப்ரஸரின் முன்பக்க ஷாஃப்ட் சீல், கல்லடி பட்ட கண்டென்சரின் கீழ் வரிசைகள், கடலோர வண்டியில் உப்பு அரித்து வெண்பொடி பூத்த கண்டென்சர் ஓரங்கள்: வழக்கமான இடங்கள் இவை. எல்லாவற்றிலும் மலிவானதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சர்வீஸ் வாயின் மூடியைக் கழற்றி உள்ளே ஒரு துளி சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழி எழும்பினால் டயர் வால்வ் மாதிரி உள்ளே இருக்கும் பின் கசிகிறது. சில ரூபாய்ப் பொருள். மூடி தொலைந்துபோன வண்டிகளில் இது சாதாரணம்.

கூலிங் காயில் டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழே தேங்கும். வண்டியை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, அடியில் ஏசி தண்ணீர் சொட்டும் குழாய் வாயில் எலக்ட்ரானிக் லீக் டிடெக்டரைக் காட்டினால் கத்தும். டிடெக்டர் இல்லாத இடத்தில் யூவி சாயம் கலந்து ஒரு வாரம் ஓட்டிவிட்டு, இருட்டில் நீல விளக்கடித்து அந்த வடிகுழாயில் பச்சை மின்னுகிறதா என்று பார்க்கலாம்.

காலியான சிஸ்டத்தில் கசிவு பார்க்க நைட்ரஜன்தான் சரி, 150 பிஎஸ்ஐ போதும். நிறைய இடங்களில் செய்வது வேறு: வாயைத் திறந்துவிட்டு காரின் கம்ப்ரஸரையே ஓட்டி வெளிக்காற்றை உள்ளே இழுத்து அழுத்தம் ஏற்றுகிறார்கள். மழைக்காலக் காற்றின் ஈரம் முழுவதும் டிரையருக்குள் போய்விடும், கம்ப்ரஸரும் எண்ணெய்ப் பசை இல்லாமல் தேயும். கண்முன் நடந்தால் தடுத்துவிடுங்கள். 'லீக் அடைக்கிற' மருந்து டின்களும் வேண்டாம். அது எக்ஸ்பான்ஷன் வால்வையும் சேர்த்து அடைக்கும்.

நிரப்புவது

குழாயைப் பிரித்த எந்த வேலைக்குப் பிறகும் அந்த ஜாயின்ட்டின் ஓ-ரிங் புதிது, எண்ணெய் தடவி மாட்ட வேண்டும். சிஸ்டம் நாள்கணக்கில் திறந்து கிடந்திருந்தால் டிரையரும் புதிது. பல புதிய கார்களில் டிரையர் தனி டப்பாவாக இருக்காது, கண்டென்சரின் ஓரக் குழாய்க்குள் சின்னப் பையாக இருக்கும்.

பிறகு வேக்யூம், அதாவது பம்ப் வைத்து உள்ளிருப்பதை உறிஞ்சி எடுப்பது. உள்ளிருக்கும் ஈரம் 30 டிகிரி சூட்டில் கொதித்து ஆவியாக வேண்டுமானால் கேஜில் வேக்யூம் 28.7 அங்குலத்துக்கு மேல் வேண்டும்; அதை எட்டாத பம்பை ஒரு நாள் முழுக்க ஓட்டினாலும் ஈரம் போகாது. 29-ஐ எட்டிய பிறகு முப்பது நிமிடம், ஐப்பசி கார்த்திகையில் நாற்பத்தைந்து. பம்பை நிறுத்தி இருபது நிமிடம் முள்ளைக் கவனியுங்கள். அசையாமல் நின்றால் நிரப்பலாம், ஏறினால் ஓட்டை இன்னும் இருக்கிறது.

நிரப்புவது எடைபோட்டுத்தான். பானெட்டின் அடியிலோ முன் பட்டையிலோ உள்ள ஸ்டிக்கரில் கேஸின் பெயரும் கிராமும் அச்சிட்டிருக்கும். சின்ன கார்களில் பெரும்பாலும் 350 முதல் 500 கிராம். பின்பக்கமும் தனி காயில் உள்ள பெரிய வண்டிகளில் இன்னும் அதிகம். 400 கிராம் வண்டியில் 60 கிராம் கூடினாலும் குறைந்தாலும் வெயிலில் வித்தியாசம் தெரியும். முள்ளைப் பார்த்தோ குழாய் வியர்ப்பதைப் பார்த்தோ போட்டால் இந்த நுணுக்கம் வராது. டின்னைத் தராசில் வைத்தபடி, இன்ஜின் ஓட, கீழ்ப்பக்கம் வழியாக, டின்னை நிமிர்த்திப் பிடித்து ஏற்ற வேண்டும். கவிழ்த்தால் திரவம் போய் கம்ப்ரஸர் வால்வை உடைக்கலாம். இன்ஜின் ஓடும்போது சிவப்பு வால்வைத் திறந்தால் 200 பிஎஸ்ஐ திரும்பி டின்னுக்குள் பாயும், டின் வெடிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இதில் கை வைக்க வேண்டாம். திரவம் பட்ட இடம் உறைந்து புண்ணாகும்.

எண்ணெயும் கணக்குத்தான். சின்ன காரின் மொத்த சிஸ்டத்திலும் 100 முதல் 150 மில்லி பிஏஜி வகை கம்ப்ரஸர் எண்ணெய்தான் இருக்கும். கண்டென்சர் மாற்றினால் சுமார் 30 மில்லி, கூலிங் காயிலுக்கு 40, டிரையருக்கு 10 முதல் 15 சேர்த்தால் போதும். ஒவ்வொரு முறை கேஸ் அடிக்கும்போதும் 'ஒரு டோஸ் ஆயில்' விடுகிற பழக்கத்தால், மூன்றாம் முறைக்குப் பிறகு எண்ணெய் காயிலுக்குள் படிந்து குளிரைக் குறைக்கும்.

டின்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலை பாதியாக இருந்தால் உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். எரிவாயு கலந்த கலவைகள் குளிர் நன்றாகத் தரும், ஆனால் காயிலில் கசிந்தால் எரியக்கூடிய கேஸ் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே வருகிறது. இன்னும் மோசமானது ஆர்-40 (மெத்தில் குளோரைடு) கலந்த போலி. 2011-ல் கப்பலில் போகும் குளிர்பதனக் கன்டெய்னர்கள் சில வெடித்து ஆட்கள் இறந்தது இதனால்தான். அந்த கேஸ் அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கிற பொருளாகிறது. நின்ற அழுத்தம் மேலே சொன்ன எண்களோடு ஒத்துப்போகிறதா என்று நிரப்பிய மறுநாள் காலை ஒருமுறை பார்த்துக்கொண்டால் சில கலப்படங்கள் பிடிபடும். ஒத்துப்போனாலும் கலப்படமே இல்லை என்று ஆகிவிடாது.

கம்ப்ரஸர் உண்மையிலேயே போய்விட்டால், கழற்றிய ஹோஸின் வாயை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் தெளிவாக இருந்தால் கம்ப்ரஸரும் டிரையரும் மாற்றினால் போதும். கறுத்து, வெள்ளித் துகள் மினுக்கினால் அந்தத் துகள் கண்டென்சர் முழுக்கப் பரவியிருக்கும். இன்றைய கண்டென்சர்களின் தட்டைக் குழாய்களில் துளைகள் மிகச் சிறியவை. ஃப்ளஷ் அடித்தாலும் சுத்தமாகாது. கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வ் மூன்றையும் சேர்த்து மாற்றாமல் புதுக் கம்ப்ரஸர் மட்டும் போட்டால், மிச்சத் துகள் அதையும் தின்றுவிடும்.

ஸ்டிக்கரில் ஆர்-1234ஒய்எஃப் என்று இருந்தால் ஆர்-134ஏ போடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜனவரி 1 முதல் புதிய கார்களில் பழைய கேஸ் கூடாது என்று ஆனதால், வெளிநாட்டு வடிவமைப்பு வண்டிகள் சிலவற்றில் இது வருகிறது. வாய்களின் அளவே வேறு.

மின்சார கார்களிலும் பல ஹைபிரிட்களிலும் பெல்ட் கிடையாது, கம்ப்ரஸரை ஓட்டுவது நூற்றுக்கணக்கான வோல்ட் பாயும் ஆரஞ்சு நிற கேபிள். வீட்டில் கை வைக்கிற வேலை அங்கே இல்லை. அவற்றின் கம்ப்ரஸருக்கு மின்சாரம் கடத்தாத எண்ணெய்தான் வேண்டும், பெரும்பாலும் பிஓஇ வகை. பிஏஜி கொஞ்சம் கலந்தாலும் மின்காப்பு கெட்டு வண்டி எச்சரிக்கை காட்டி நின்றுவிடலாம். பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விப்பதும் இதே கேஸ்தான். கடையில் கேஜ் மாட்டும் முன் எந்த எண்ணெய் விடப்போகிறார்கள் என்று கேளுங்கள். "எல்லா வண்டிக்கும் ஒரே ஆயில்தான் சார்" என்ற பதில் வந்தால், சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.